கல்லைத் தின்று மணல் தரும் கிளிமீன்

ஆற்று மணல் எங்கிருந்து வருகிறது என்று தொடக்கப்பள்ளி மாணவனைக் கேட்டாலும் விடை சொல்லிவிடுவான். மலையிலுள்ள பாறை வெயிலாலும் மழையாலும் சிதைகிறது. சிதைந்த துண்டுகளை ஆறு உருட்டிக்கொண்டு வருகிறது. உருண்டும் ஒன்றோடொன்று உராய்ந்தும் அவை மணலாகின்றன. கடற்கரையில் நாம் மிதிக்கும் மணலிலும் பெரும்பகுதி இவ்வாறு ஆறுகள் கொண்டுவந்து சேர்த்ததேயாகும்.

ஆயின், இவ்விடை மாலத்தீவுக்குப் பொருந்துமா? இந்தியப் பெருங்கடலின் நடுவே ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் அந்நாட்டில் மலை இல்லை, ஆறும் இல்லை. நம் நாட்டிலேயே சபா மாநிலத்துச் செம்பூர்ணாவுக்குத் தெற்கே சிப்பாடான் என்னும் சின்னஞ்சிறு தீவு இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் அத்தீவிலும் ஆறு கிடையாது. எனினும் அங்கெல்லாம் கரை முழுதும் அரிசி மாவைக் கொட்டிப் பரப்பியது போன்ற வெண்மணல் கிடக்கிறது. அம்மணல் ஏது?

அதில் ஒரு சிட்டிகை எடுத்து, அதன்மேல் வினிகர் என்னும் காடியில் சில துளிகளை விட்டால் உண்மை வெளிப்படும். மணல் நுரைத்துப் பொங்கும். தூய ஆற்று மணல் அவ்வாறு பொங்குவதில்லை. நுரைப்பது சுண்ணாம்பின் இயல்பு. எனவே அது மலைப்பாறை தந்த மணல் அன்று. கடல்வாழ் உயிர்கள் தந்த சுண்ணாம்பு மணல். பவளப்பாறையும், சிப்பிகளும், சுண்ணாம்பு படிந்த சிலவகைப் பாசிகளும் நொறுங்கி உண்டானது. அலையும் புயலும் ஓரளவு நொறுக்கின. ஆனால் பல இடங்களில் பவளக் கல்லை மணலாக்கும் பெரும்பணியைச் செய்வது ஒரு மீன் என்றால் வியப்பாயிருக்கும். கிளிமீன் என்பது அதன் பெயர்.

பெயரும் உருவமும்

மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கும் தமிழ் மீனவர் இதனைக் கிளிமீன் என்கின்றனர். மலாய்க்காரர் இதற்கு இட்ட பெயர் ‘இக்கான் பாயான்’. பாயான் என்றாலும் கிளி என்றே பொருள். ஆங்கிலேயரும் இதே பொருள்படவே பெயரிட்டனர். தனித்தனியே கடலைப் பார்த்த மக்கள் ஒரே பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் மீனின் முகத்தில் இருக்கிறது. மேல்தாடையிலும் கீழ்த்தாடையிலும் உள்ள பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகைப் போலவே வளைந்து முன்தள்ளி நிற்கின்றன. நிறமும் பலவற்றிற்குக் கிளியின் நிறமே: பச்சையும் நீலமும் கலந்து, வாயோரத்திலும் துடுப்போரத்திலும் இளஞ்சிவப்புக் கோடுகள் ஓடியிருக்கும். இறக்கை அடித்துப் பறக்கும் பறவையைப் போல, மார்புத் துடுப்புகளை அடித்தே இது நீந்தும். விரைந்து ஓட வேண்டிய வேளையில் மட்டும் வாலைப் பயன்படுத்தும்.

உலகில் ஏறத்தாழ 100 வகைக் கிளிமீன்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக் பெருங்கடலிலும் உள்ள வெப்பக் கடல்களில் வாழ்கின்றன. பெரும்பாலான இனங்கள் ஒன்று முதல் ஒன்றரை அடி நீளம் வளரும். யாவற்றினும் பெரியது புடைநெற்றிக் கிளிமீன். நெற்றி முன்னோக்கிப் புடைத்து நிற்கும் இம்மீன் 4 அடிக்கு மேல் நீண்டு, 46 கிலோ வரை எடை கொள்ளும். ஆட்டுமந்தை போல இவை கூட்டமாகச் செல்லும் காட்சியைக் காண்பதற்கென்றே சிப்பாடானுக்கு முக்குளிப்போர் பலர் வருகின்றனர்.

வாழும் இடம்

சூரிய ஒளி நன்கு புகும் ஆழம் குறைந்த நீரே கிளிமீனுக்கு உரிய இடம். அங்கேதான் பவளப்பாறை வளர்கிறது, பாசியும் வளர்கிறது. பவளத்தை உண்டாக்கும் உயிரைப் பழைய நூல்கள் ‘பவளப் பூச்சி’ என எழுதின. அது பூச்சி இனத்தைச் சேர்ந்ததன்று. சொறிமீனுக்கு உறவான மெல்லுடல் உயிர். கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தன்னைச் சுற்றிக் கல்வீடு கட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான உயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய கல்வீடுகளே பவளப்பாறையாகும்.

கிளிமீனின் முட்டைகள் நீரில் மிதந்து செல்வன. அவற்றிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சுகள் சில வாரங்கள் நீரோட்டத்தில் அலைந்த பின்னரே கரையோரத்தை அடைகின்றன. சில இனங்களின் குஞ்சுகள் கடற்புல் படர்ந்த இடங்களிலும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையிலும் ஒளிந்து வளர்ந்து, பெரிதானபின் பவளப்பாறைக்குச் செல்லும். ஆதலின் பாறை ஒன்றைக் காத்தால் மட்டும் மீன் பிழைத்துவிடாது. அதன் தொட்டிலான புல்வெளியும் கண்டற்காடும் இருத்தல் வேண்டும்.

அலகும் திரிகையும்

கல்லைக் கடிக்கும் பல் எத்தகையதாயிருக்க வேண்டும்? கிளிமீன் ஒன்றின் அலகில் ஏறத்தாழ 1,000 சிறு பற்கள் வரிசை வரிசையாகப் பதிந்துள்ளன. முன்வரிசை தேய்ந்து உதிர உதிரப் பின்வரிசை முன்னே வரும். கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் அறிஞர்கள் இப்பற்களை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்து, 2017இல் தம் முடிவை வெளியிட்டனர். கால்சியம், பாஸ்பரஸ், புளோரின் ஆகியவை கூடிய தாதுவால் ஆன நுண்ணிழைகள், துணியில் பாவும் ஊடும் போல ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கக் கண்டனர். உயிர்கள் உண்டாக்கும் பொருள்களுள் மிக உறுதியானவற்றில் இதுவும் ஒன்று.

அலகு கல்லைப் பெயர்க்கும் உளி எனில், அதை மாவாக்கும் திரிகை தொண்டையில் இருக்கிறது. தொண்டையின் மேலும் கீழும் தட்டையான பல்வரிசை பதிந்த எலும்புகள் அமைந்துள்ளன. அம்மிக்கல்லின்மேல் குழவி முன்னும் பின்னும் செல்வது போல, ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து, விழுங்கிய கல்லை அரைக்கின்றன. கிளிமீனுக்கு இரைப்பை கிடையாது. அரைபட்ட கல் நேரே நீண்ட குடலுக்குச் செல்லும். சத்து உறிஞ்சப்பட்டபின், எஞ்சிய சுண்ணாம்பு வெண்புகை போல நீரில் வெளியேறி அடியில் படியும். அதுவே மணல்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில், மீன்களுள் இது ஒன்றே ஆடுமாடுகளைப் போல அசைபோடுவதாகத் தோன்றுகிறது என்று குறித்துள்ளார். நடுநிலக் கடலில் வாழும் கிளிமீனையே அவர் சொன்னார் எனக் கருதுவர். வாயில் ஒன்றும் இல்லாதபோதும் தொண்டை அசைவதை அக்காலத்தார் கவனித்திருக்க வேண்டும். அது அசைபோடுதல் அன்று, அரைத்தல் என்பது பின்னாளில் விளங்கிற்று.

அது தேடும் உணவு

கிளிமீன் கல்லைக் கடிப்பது கல்லுக்காக அன்று. பாறைமேல் படர்ந்த பாசியை மேய்கிறது என்றே நெடுங்காலம் எண்ணினர். அண்மைக்கால ஆய்வுகள் இக்கருத்தைச் சற்றே திருத்தியுள்ளன. பாசிப் படலத்தினுள்ளும், கல்லின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயும் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சை நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றில் புரதச் சத்து மிகுதி. அந்நுண்ணுயிர்களே பல இனங்களுக்கு முதன்மையான உணவு என 2017இல் ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். கல்லின் உள்ளிருப்பதைப் பெறக் கல்லையும் கடித்தே ஆகவேண்டும். நிலக்கடலைக்காக ஓட்டை உடைப்பது போன்றது இது.

எல்லா இனங்களும் ஒரே வகையில் மேய்வதில்லை. சில பாறையின் மேற்பரப்பைச் சுரண்டும். சில குழி விழும்படி பெயர்த்தெடுக்கும். பெயர்ப்பவற்றில் தலையாயது புடைநெற்றிக் கிளிமீன். அதன் உணவில் ஏறத்தாழப் பாதி உயிருள்ள பவளம் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறையில் கணக்கிட்டபோது, ஒரு மீன் ஓராண்டில் 5 டன்னுக்கு மேற்பட்ட சுண்ணாம்புக் கல்லைப் பெயர்த்தெடுப்பது தெரியவந்தது.

மாலத்தீவின் வக்கரு என்னும் தீவைச் சுற்றியுள்ள பாறையில், இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் மணலின் வரவைக் கணக்கிட்டு 2015இல் வெளியிட்டனர். அப்பாறையில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன் தந்தது. மக்கள் குடியிருக்கும் நிலமே மீனின் கழிவால் உயர்ந்தது என்பது அந்நாட்டாருக்கு வேடிக்கைச் செய்தியன்று. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில், கரையை அலை அரிக்கும்போது அதை ஈடுசெய்யும் மணலைப் பாறைதான் தரவேண்டும்.

பாறை அழிந்தால் நிலத்துக்கு என்ன நேரும் என்பதற்குத் தமிழகக் கடலிலேயே சான்றுண்டு. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் அங்கே பவளக் கல்லை நெடுங்காலம் வெட்டியெடுத்தனர். பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் இன்று நீருக்கடியில் உள்ளன. பவளக் கல்லை வெட்டியது அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று என்பர் அறிஞர்.

பெண் ஆணாகும் விந்தை

கிளிமீன்களில் பெரும்பாலான இனங்கள் பெண்ணாகவே வாழ்க்கையைத் தொடங்குகின்றன. அப்பருவத்தில் பழுப்போ சாம்பலோ மங்கிய சிவப்போ கொண்ட எளிய நிறம். ஒரு பெரிய ஆண் தன் எல்லைக்குள் சில பெண்களோடு வாழும். அந்த ஆண் இறந்தாலோ பிடிபட்டாலோ, பெண்களுள் பெரியது சில வாரங்களில் ஆணாக மாறிவிடும். உடலின் உள்ளுறுப்பும் மாறும். நிறமும் ஒளிமிக்க பச்சை நீலமாகும். பிறப்பிலேயே ஆணாய், பெண்ணின் நிறத்தோடு திரியும் மீன்களும் சில இனங்களில் உண்டு.

இதனால் முற்கால அறிஞர் பெரிதும் மயங்கினர். ஒரே இனத்தின் பெண்ணையும் ஆணையும் இரு வேறு மீன்களாகக் கொண்டு இரு பெயர் சூட்டினர். இளமைக்கு ஒரு பெயர் சேர்ந்தால் மூன்று. இவ்வாறு குவிந்த பெயர்களைக் களைந்து ஒழுங்கு செய்ய நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வியல்பில் ஓர் இடரும் உண்டு. மீன்பிடிப்பவன் கண்ணில் முதலில் படுவது பெரிய, நிறமிக்க ஆண். அதைப் பிடித்தால் அடுத்த பெரிய பெண் ஆணாகும், அதுவும் பிடிபடும். மேலும் மேலும் சிறிய மீன்கள் ஆணாகத் தலைப்பட, முட்டையிடும் பெண்கள் குறையும். எண்ணிக்கை குறைவதற்கு முன்னரே குடும்ப அமைப்புச் சிதைந்துவிடும்.

இரவுப் போர்வை

கிளிமீன் பகலில் மேய்ந்து இரவில் உறங்கும். பொழுது சாய்ந்ததும் பாறை இடுக்கில் புகுந்துகொள்ளும். சில இனங்கள் அங்கே ஒரு விந்தை செய்கின்றன. செவுளருகேயுள்ள சுரப்பிகளிலிருந்து கோழை போன்ற ஒன்றைச் சுரந்து, தலை முதல் வால் வரை மெல்லிய கண்ணாடிப் போர்வையாகப் போர்த்துக்கொள்ளும். இதை முடிக்க அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். விடிந்ததும் அதைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். இச்செயலை ஹோவர்டு வின் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1955இல் விளக்கி எழுதினார்.

மோப்பம் பிடித்து வரும் விலாங்கிடமிருந்து தப்பவே இப்போர்வை என முதலில் கருதினர். குவின்சுலாந்துப் பல்கலைக்கழகத்து அலெக்சாண்ட்ரா குருட்டரும் அவர் துணைவர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பயனைக் காட்டிற்று. கடலிலும் கொசுவுக்கு நிகரான குருதி உறிஞ்சும் ஒட்டுண்ணிகள் உண்டு. போர்வை நீக்கப்பட்ட மீன்களில் 94 விழுக்காடு அவற்றால் கடிபட்டன. போர்வையோடு இருந்தவற்றில் கடிபட்டவை 10 விழுக்காடே. ஒருநாள் ஆற்றலில் இரண்டரை விழுக்காட்டைச் செலவிட்டு மீன் தனக்குத்தானே கொசுவலை கட்டிக்கொள்கிறது.

நண்பனா, பகைவனா?

இனி முதன்மையான வினாவுக்கு வருவோம். பவளத்தின் வீட்டை நாள்தோறும் இடித்துத் தின்னும் மீன் பவளத்துக்குப் பகையல்லவா? அதைப் பிடித்துக் குறைப்பது நன்மையல்லவா?

பவளமும் பாசியும் ஒரே பாறையில் இடத்துக்குப் போட்டியிடுபவை. பாசி விரைந்து வளரும்; பவளம் மெல்ல வளரும். பவளக் குஞ்சு ஊன்றிக்கொள்ள வெறும் கல் வேண்டும். பாசி மூடிய இடத்தில் அது ஊன்ற முடியாது. பாசியைக் களைந்து கல்லை வெளிப்படுத்துவன மேயும் மீன்கள். அவற்றுள் முன்னிற்பது கிளிமீன்.

இதனை ஆய்ந்தறிய ஆஸ்திரேலியாவின் ஆர்ஃபியஸ் தீவில் எளிய சோதனை ஒன்று செய்தனர். 1998இல் கடல் வெப்பமிகுந்து பவளங்கள் வெளுத்து மடிந்தபின், பாறையின் சில பகுதிகளைக் கம்பிக்கூண்டால் மூடினர். பெரிய மீன்கள் உள்ளே போக இயலவில்லை. சுமார் இரண்டரை ஆண்டில் கூண்டினுள் பாசி காடாய் வளர்ந்து, பவளம் தலையெடுக்கவில்லை. மீன்கள் மேய்ந்த வெளிப்பகுதியில் பவளம் மீண்டும் தழைத்தது. இம்முடிவு 2007இல் வெளியாயிற்று.

கூண்டில் சிறிதாகக் கண்டதை ஜமேக்காத் தீவு பெரிதாகக் கண்டது. அங்கே கிளிமீன் முதலிய மேயும் மீன்களை நெடுங்காலமாக மிகுதியாகப் பிடித்துவிட்டனர். ஆயினும் கடல் முள்ளெலி என்னும் முள்ளுடல் உயிர் பாசியை மேய்ந்துவந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 1980இல் கடும்புயல் பாறையை உடைத்தது. 1983–84இல் கொள்ளைநோயால் முள்ளெலிகள் மடிந்தன. பாசியை மேய இப்போது எவரும் இல்லை. 1970களின் இறுதியில் பாறையின் பாதியளவை மூடியிருந்த பவளம், 1990களின் தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று.

பனாமாக் கடலில் படிந்த படிவங்களைத் துளையிட்டு, அவற்றில் புதைந்த கிளிமீன் பற்களை எண்ணி, 3,000 ஆண்டு வரலாற்றை அறிஞர் படித்துள்ளனர். கிளிமீன் குறைந்த காலங்களில் பாறையின் வளர்ச்சியும் தளர்ந்தது என்பது 2017இல் அவர்கள் கூறிய முடிவு. புடைநெற்றி மீன் உயிர்ப் பவளத்தைத் தின்பது உண்மையாயினும், விரைந்து வளரும் கிளைப் பவளங்களைக் குறைத்துப் பிறவற்றுக்கு இடம் தருகிறது என்பர். மரத்தைக் கழிக்கும் தோட்டக்காரனை மரத்தின் பகைவன் என்று யாரும் சொல்வதில்லை.

எனினும் கிளிமீன் இருந்தால் மட்டும் போதும் என்று கொள்ளலாகாது. 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் வெப்பமிகுந்து பவளங்கள் வெளுத்ததை எந்த மீனாலும் தடுக்க இயலவில்லை. 2010இல் தீவகற்ப மலேசியாவின் கிழக்குக்கரைத் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சில மாதம் மூடப்பட்டன. வெப்பம் தணிந்தபின் பவளம் திரும்பக் குடியேற நிலத்தைப் பண்படுத்தி வைப்பதே மீன் செய்யக்கூடியது.

வலையும் விளக்கும்

கிளிமீன் சுவையான மீன். ஆதலால் வலை, கூடு, ஈட்டி ஆகிய மூன்றும் அதைத் தேடுகின்றன. பெரும் இடர் இரவில் வருகிறது. புடைநெற்றிக் கிளிமீன்கள் ஆழமற்ற நீரில் கூட்டமாக உறங்கும். விளக்கோடு நீரில் மூழ்கும் வேட்டைக்காரன் ஒரே இரவில் ஒரு கூட்டத்தையே அழித்துவிட முடியும். பசிபிக் தீவுகள் பலவற்றில் இதுவே நடந்தது. பிஜியின் லாவு தீவுகள் சிலவற்றில் இம்மீன் அறவே மறைந்துவிட்டதென 2004இல் ஆய்வாளர் எழுதினர். 40 ஆண்டுவரை வாழக்கூடிய, மெல்ல முதிரும் மீன் ஆதலின் இழந்த கூட்டம் எளிதில் திரும்பாது.

இதனை உணர்ந்த நாடுகள் சட்டம் செய்துள்ளன. பெர்முடா 1990இல் மீன்கூடுகளைத் தடை செய்தது. பெலீஸ் 2009இலும், பொனேர் தீவு 2010இலும் கிளிமீன் பிடிப்பதையே விலக்கின. தீவகற்ப மலேசியாவில் ரெடாங், தியோமான் முதலிய கடற்பூங்காத் தீவுகளைச் சுற்றி 2 கடல்மைல் எல்லைக்குள் மீன்பிடித்தல் கூடாது. சிங்கப்பூர் 2014இல் சகோதரித் தீவுகளைத் தன் முதல் கடற்பூங்காவாக அறிவித்தது. பிற இடங்களிலோ சட்டத்தைவிட வாங்குவோரின் அறிவே மீனைக் காக்க வேண்டியிருக்கிறது.

வகுப்பறையில்

இப்பாடத்தை நடத்த ஆசிரியர்க்குப் பெருஞ்செலவு இல்லை. தீவுக் கரை மணல் ஒரு பிடி, ஆற்று மணல் ஒரு பிடி, ஒரு புட்டி காடி ஆகியவை போதும். எது நுரைக்கிறது என்று பிள்ளைகளே காணட்டும். ஏன் நுரைக்கிறது என்ற வினா தானாகவே எழும். சந்தையில் இக்கான் பாயான் எவர் வீட்டுக்காவது வாங்கப்பட்டிருந்தால், தலையை வேகவைத்துச் சதையை நீக்கி அலகையும் தொண்டைத் திரிகையையும் எடுத்து வைக்கலாம். ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. அதற்கென்றே மீன் வாங்க வேண்டியதில்லை.

ரெடாங்குக்கோ தியோமானுக்கோ சுற்றுலா செல்லும் மாணவர், நீருக்குள் முகம் வைத்துச் சற்றே அமைதியாயிருந்தால் ‘கறுக், கறுக்’ என்னும் ஒலியைக் கேட்கலாம். அவர்கள் நிற்கும் கரைக்கு மணல் அரைபடும் ஒலிகளுள் அதுவும் ஒன்று என்பதை ஆசிரியர் அப்போது எடுத்துச் சொல்லட்டும்.